அவள் கலம் உண்ணேல்

கல்வெட்டுப் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிவிட்டு, செத்தவீட்டுக்காரர் அனுப்பிய கனகசுந்தரம் ஒரு பிரதியைக் கையில் எடுத்தார். அச்சக வாசலிலேயே நின்று வாசித்தார்.

"தம்பி, குடுத்தியள் பாருங்கோ ஒரு அடி. செத்த மனுசன் எழும்பி வந்து குடுத்த மாதிரிக் கிடக்கு."

கீர்த்தனன் கணினியில் வேறொரு இறந்தவரின் பிறந்த ஊரைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"ஆருக்கு அண்ணை அடி?"

"ஆருக்கோ? மருமோளுக்குத்தான். வேற ஆர் கிடக்கினம்?"

கீர்த்தனன் கதிரையைத் திருப்பினான்.

பாரிஸில் ரூ பஜோலுக்கு அடுத்த தெருவில் இருந்தது குலசேகரத்தின் அச்சகம். கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கல்வெட்டு. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் சபையில் வாசித்து, வந்தவர் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் கல்வெட்டு. முதலில் இறந்தவரின் வாழ்க்கை. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல். எல்லாம் பாட்டு. புலம்புபவர்கள் எவரும் எழுதுவதில்லை. கீர்த்தனன் எழுதுவான்.

மற்ற நாட்களில் அவன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தான். பழைய யூத ஞான நூல்களின் இலக்கிய மரபுகள். அங்கும் இதே கதைதான். எழுதுகிறவன் எவனோ ஓர் எழுத்தன். பேசுகிறவர் என்றோ செத்துப்போன அரசர், அல்லது ஒரு தந்தை. தந்தை 'என் மகனே' என்று தொடங்குவார். மகன் ஒருபோதும் பதில் சொல்வதில்லை. தந்தை இரண்டு பெண்களைக் காட்டுவார். ஒருத்தி ஞானம், வீடு கட்டி, சமைத்து வைத்து, வாசலில் நின்று அழைப்பவள். மற்றவள் அயலாள், அந்நியப் பெண்; அவளும் அழைப்பாள். இருவரும் ஒரே சொற்களால் அழைப்பார்கள் என்பதுதான் அதில் அழகு. அயலாள் என்பவள் ஓர் உருவகம், அந்தக் காலத்து முதல் வாசகர் எவரும் அவளை நடமாடும் பெண் ஒருத்தியாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று அவன் ஓர் அத்தியாயம் முழுக்க வாதிட்டிருந்தான். பேராசிரியர் பெர்னார் அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'எப்படித் தெரியும்?'

அந்த மரபைக் கல்வெட்டுக்குள் கொண்டுவந்தது கீர்த்தனனின் வேலை. 'தந்தை மொழி' என்று ஒரு பகுதி. இறந்தவர் மகனோடு பேசுவார். சனத்துக்குப் பிடித்துப்போயிற்று. தந்தை மொழி இல்லாவிட்டால் இப்போது ஒருத்தரும் சாக மாட்டோம் என்கிறார்கள் என்று குலசேகரம் சிரிப்பார்.

"அண்ணை, அது ஒரு மரபு," என்றான் கீர்த்தனன். "அயலாள் எண்டால் அறிவீனம். ஆளில்லை."

"அறிவீனம்தான். அதைத்தானே பொன்னம்பலத்தாரும் சொன்னவர். பாண்டிச்சேரி வேதக்காரியைக் கட்டினது அறிவீனம் எண்டு. ஆறு வருசம் பெடியனைப் படியேற விடேல்லையே. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. இறந்த பொன்னம்பலத்தின் மனைவி இந்திராதேவி கொடுத்த குறிப்பில் பிறந்த ஊர், படித்த பள்ளி, உணவகத்தில் பார்த்த வேலை, ஒரே மகன் ஜனகன். மருமகள் பெயரே இல்லை. மகன் கலியாணமே கட்டவில்லை என்று அவன் நினைத்திருந்தான்; கிறிஸ்தவப் பெண் ஒருத்தியைக் கட்டியிருப்பது தெரியாது.

"அவ இண்டைக்கு வாறாவோ?"

"வாறாவாம். சனத்துக்கு முன்னாலை முதல்தரம்." கனகசுந்தரம் பிரதியை விரித்துக் கடைசி அடிகளை உரக்கப் படித்தார்.

தெருமுனை நின்றுன் பெயர்சொல்லி அழைப்பாள்,
திசைதெரி யாதவோர் தேசத்தாள் மகனே;
அவள்கதவு அணுகேல், அவள்கலம் உண்ணேல்,
அவள்மொழி வீட்டுக்குள் அழையேல்என் மகனே.

"முதல் பாட்டு எங்கை?" என்றான் கீர்த்தனன். எழுந்துபோய்ப் பிரதியை வாங்கினான். "இதுக்கு முன்னம் ஒரு பாட்டு இருந்ததே. குலம் அண்ணை!"

உள்ளே தாள் வெட்டிக்கொண்டிருந்த குலசேகரம் தலையை நீட்டினார். "படம் பிந்தி வந்தது தம்பி. தேர் வடம் பிடிக்கிற படம். நல்ல படம். இடம் காணேல்லை. ஒரு பாட்டை எடுத்தன்."

"இரண்டும் சேர்ந்துதான் பாட்டு."

"எடுத்தது நல்ல பொம்பிளையைத்தானே. நல்ல பொம்பிளையைப் பற்றிச் சொல்ல என்ன கிடக்கு?"

அந்தத் தாளை உருவிவிடலாமா என்று கீர்த்தனன் கேட்டான். நடுத் தாள் அது. உருவினால் மனைவி புலம்பலும் சேர்ந்து போகும். புதிதாக அடிக்க நேரமில்லை. பாரிஸுக்கு வெளியே பொண்டி மண்டபத்தில் கிரியை தொடங்கியிருக்கும். குலசேகரம் கையை விரித்தார்.

"நீர்தானே வாசிக்கப் போறீர். மெதுவா வாசிச்சு விடும். ஆர் கவனிக்கப் போகினம்?"

கீர்த்தனன் வானில் ஏறினான். நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. அவன் சீட்பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டான். கைபேசியை எடுத்து இந்திராதேவியை அழைத்தான், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணை, பெட்டியளை வானுக்கையே வையுங்கோ. நான் இந்திராதேவி அன்ரியோடை கதைச்சுப்போட்டு வாறன்."

"வைக்கிறன், வைக்கிறன். உமக்கு ஏன் இந்தப் பதகளிப்பு? ஐயாவின்ர மனசில கிடந்ததைத்தானே எழுதினீர்."

"அவரை நான் கண்டதே இல்லை."

"அதுதான் அதிசயம்," என்றார் கனகசுந்தரம்.

பொண்டி மண்டபத்தில் கற்பூரப் புகை இருந்தது. ஐயர் அடுத்த இடத்துக்குப் போகும் அவசரத்தில் மந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜனகன் தர்ப்பை மோதிரத்தோடு குந்தியிருந்தான். இந்திராதேவி குசினிக்குள் இருப்பதாகச் சொன்னார்கள்.

குசினியில் அவர் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்திவைத்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அடுப்படியில் ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய சட்டியில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வாரும் தம்பி. இவ சிசிலியா. மருமகள்." இந்திராதேவி குரலைத் தாழ்த்தினார். "வெளியாலை ஆரும் கேட்டால் லாச்சப்பல் தமிழ்க் கடையிலை எடுத்த சாப்பாடு. சரியோ?"

"சரி அன்ரி. உங்களோடை கொஞ்சம் தனியக் கதைக்க வேணும்."

"எனக்கு எழும்ப ஏலாது. இஞ்சையே கதையும்."

கீர்த்தனன் அடுப்பைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தந்தை மொழியிலை ஒரு பாட்டு அரைவாசியாய் வந்திட்டுது. பிழையான கருத்து வரும்."

"அந்தத் தெருமுனைப் பாட்டோ?"

"வாசிச்சனீங்களோ?"

"நீங்கள் பார்க்க அனுப்பினதை வாசிச்சனான்." இந்திராதேவி ஊன்றுகோலின் பிடியைத் துடைத்தார். "அவர் கதைக்கிற மாதிரியே இருந்தது. விட்டிட்டன். அப்ப நான் விழேல்லை. இவவும் என்னைப் பார்க்க வரேல்லை."

சிசிலியா கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "குடுங்க, பாக்கலாம்."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. அவள் நின்றபடி வாசித்தாள். வாய் அசைந்தது. இரண்டாம் தரம் வாசித்தபோது அசையவில்லை.

"இவளை எனக்குத் தெரியும்," என்றாள். "எங்க மாதா கோயில்ல இந்த மாதிரி வாசகம் வரும். இன்னொருத்தியும் வருவாளே. வீட்டைக் கட்டி, சாப்பாடு பண்ணி வச்சிக்கிட்டுக் கூப்பிடுறவ. அவ எங்க?"

"இடம் காணேல்லை எண்டு எடுத்துப்போட்டினம்."

"ஓ." அவள் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். "அது பழைய வழக்கம்னு எனக்கும் தெரியும், முசியே. ஆனா பூசைல அத வாசிக்கிறப்போ யாரும் திரும்பி என்னைப் பாக்க மாட்டாங்க."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அப்பளக் கட்டைப் பிரித்தாள்.

கீர்த்தனன் வெளியே ஓடினான். கனகசுந்தரம் மண்டப வாசலில் மேசை போட்டு, வருகிறவர் கையில் ஆளுக்கொரு கல்வெட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தை நீட்டுவதுபோல.

"அண்ணை, வானுக்கை வையுங்கோ எண்டெல்லோ சொன்னனான்."

"சனம் கேக்குதே தம்பி. வெறுங்கையோட விடுறதோ?"

கிரியை முடிந்திருந்தது. ஜனகன் கையில் ஒரு பிரதி இருந்தது. அவன் விரித்த பக்கத்தோடு குசினிக்குள் போனான். கீர்த்தனன் பின்னால் போனான்.

"வெளிக்கிடு," என்றான் ஜனகன் மனைவியிடம். "குளிர் ஜாக்கெட்டை எடு. போவம்."

"அப்பளம் பொரிக்கணும்."

"சிசிலியா!"

"நூறு பேர் பசியோட இருக்காங்க. சாப்பாடு போட்டுட்டுப் போலாம்."

ஜனகன் தாயின் பக்கம் திரும்பினான். "அம்மா, இதை மைக்கிலை வாசிச்சால் நாங்கள் போயிடுவம். பிறகு வர மாட்டம். உங்களை ஆர் பார்க்கிறது எண்டு நீங்களே யோசியுங்கோ."

இந்திராதேவி எழும்பப் பார்த்தார். ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. சிசிலியாதான் எடுத்துக் கொடுத்தாள்.

"நான் அந்த முதல் பாட்டைச் சேர்த்து வாசிக்கிறன்," என்றான் கீர்த்தனன். "இரண்டும் வந்தால் ஆளைச் சொல்லேல்லை எண்டு விளங்கும்."

"ஆருக்கு விளங்கும்?" என்றான் ஜனகன்.

மைக் கீச்சிட்டது. சனம் கதிரைகளில் அமர்ந்திருந்தது. பொன்னம்பலத்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கீர்த்தனன் அவருடைய பிறப்பை, படிப்பை, கடல் கடந்த வரவைப் பாடினான். மனைவி புலம்பலைப் பாடினான். முன் வரிசையில் இருந்த இந்திராதேவி, தன் பெயரில் யாரோ அழுவதை, வேற்று வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டார். பின்வரிசையில் ஜனகன் ஜாக்கெட்டை மடியில் வைத்திருந்தான். குசினிக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பளம் பொரியும் வாசம் வந்தது.

தாள்கள் புரண்டன. சனம் அவனுக்கு முன்னால் போய்விட்டது. வாசித்த தலைகள் ஒன்றொன்றாகக் குசினிக் கதவுப் பக்கம் திரும்பின.

"தந்தை மொழி," என்றான் கீர்த்தனன். நிறுத்தினான். பிறகு மனப்பாடமாகச் சொன்னான்.

வாசலைத் திறந்தொரு மங்கைநின் றழைப்பாள்,
வடித்தசோ றாறுமுன் வந்தமர் மகனே;
அவள்கதவு அணுகுவாய், அவள்கலம் உண்ணுவாய்,
அவள்மொழி வீட்டுக்குள் அழைத்துவா மகனே.

"எத்தினையாம் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார்.

"பக்கத்திலை இல்லை. அச்சிலை விடுபட்டுப் போச்சு."

சனம் கல்வெட்டை மூடிவிட்டுக் கேட்டது. மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னான். இரண்டாம் வரிசையில் அற்புதமலர் என்ற பெண்மணி மூக்கைச் சிந்தினார்.

"இந்திரா அக்காவைத்தான் சொல்லுறார்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"ஓம். வடிச்ச சோறு. அவவின்ர கைப்பக்குவம்."

"அந்த மனுசன் சாகிற நேரத்திலையும் மனுசியை மறக்கேல்லை."

முதல் பாட்டுக்கு ஆள் அகப்பட்டுவிட்டது. அப்படியானால் இரண்டாம் பாட்டுக்கும் ஆள் உண்டு. பாதியாக இருந்தபோது அது ஒரு குத்தல். இப்போது இரண்டு பெண்களையும் கீர்த்தனனே கொண்டுவந்து சபை நடுவில் நிறுத்திவிட்டான். நல்லவள் முன் வரிசையில். மற்றவள் குசினியில்.

அவன் அடுத்த வரிக்குப் போகவில்லை.

"மிச்சத்தையும் வாசியும் தம்பி," என்றார் கனகசுந்தரம். "அதுதானே விசயம்."

ஜனகன் எழுந்தான். "வாசியுங்கோ அண்ணை. ஆறு வருசமாய் அப்பா என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இப்ப கதைக்கிறார். எல்லாரும் கேக்கட்டும்."

"அப்பா கதைக்கேல்லை," என்றான் கீர்த்தனன். மைக் அதைப் பெரிதாக்கியது. "இது நான் எழுதினது. அவரை எனக்குத் தெரியாது. உங்கட வீட்டு விசயமும் தெரியாது. இது ஒரு பழைய மரபு."

சபை அதிரும் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

"நீர்தான் எழுதினது எண்டு தெரியும்தானே," என்றார் கனகசுந்தரம், குழந்தைக்குச் சொல்வதுபோல. "கடைசிப் பக்கத்திலை உம்மட பேர் கிடக்கு. அதுக்கென்ன? சொன்னது அவர்தான்."

சிலர் தலையாட்டினார்கள். ஒருவரும் ஏமாறவில்லை. எழுதியது யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொன்னது யாரென்றும் தெரிந்திருந்தது. யாரைச் சொன்னது என்பதிலும் ஐயமில்லை. பேராசிரியரின் பென்சில் கேள்விக்கு இதுதான் பதிலென்றால் அத்தியாயத்தை எங்கிருந்து திருத்துவது? கீர்த்தனன் மைக்கை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

இந்திராதேவி ஊன்றுகோலை ஊன்றினார். எழும்ப நேரம் பிடித்தது. அற்புதமலர் தாங்கப் போனார். இந்திராதேவி கையை விலக்கினார்.

"சோறு நான் வடிக்கேல்லை," என்றார்.

"என்ன அக்கா?"

"இண்டைக்குச் சோறு நான் வடிக்கேல்லை எண்டுறன். கடைச் சாப்பாடு எண்டு சொன்னதும் பொய். விழுந்த நாளிலையிருந்து என்னைக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்திவிடுறது அவ. விடியவெள்ளண எழும்பிச் சமைச்சதும் அவ." ஊன்றுகோலால் குசினிப் பக்கத்தைக் காட்டினார். "வேண்டியாக்கள் சாப்பிடுங்கோ. வேண்டாத ஆக்கள் வெளிக்கிடுங்கோ."

மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. வேதக்காரி, முப்பத்தோராம் நாள், ஐயர் போயிட்டாரோ, இதென்ன புது வழக்கம். ஒரு குடும்பம் எழுந்து ஜாக்கெட்டுகளை எடுத்தது. அதைப் பார்த்து இன்னொன்று. ஸ்தேன் புறநகருக்குப் போகும் பஸ்ஸின் நேரத்தை ஒருவர் திடீரென்று நினைத்துக்கொண்டார்.

சிசிலியா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சோற்றுத் தட்டோடு வந்தாள். உள்ளே இருந்தவளுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. முகம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது.

"வாங்க," என்றாள். "சாப்பிட வாங்க."

ஒருவரும் வரவில்லை.

"வாங்கோ," என்றார் இந்திராதேவி, நின்ற இடத்திலிருந்து. "சாப்பிட வாங்கோ."

ஒரே சொற்கள். அதைப் பற்றிக் கீர்த்தனன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். இப்போது சாப்பிடப் போகலாமா, நின்ற இடத்திலேயே நிற்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.

கனகசுந்தரம் குசினியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாசலில் போகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய சொந்தம்.

"நான் சீனி வருத்தக்காரன்," என்றார் பொதுவில். "நேரத்துக்குச் சாப்பிடாட்டில் தலை சுத்தும். டொக்டர் சொன்னவர்." மேசையில் போய் இருந்தார். பருப்பு விழுந்ததும் விரலால் தொட்டு நக்கினார். "கடைப் பருப்பு இப்பிடி மணக்காது எண்டு வாசலிலேயே நினைச்சனான்."

"நினைச்சிருப்பியள்," என்றார் அற்புதமலர். அவரும் போய் எதிரே இருந்தார். பின் இன்னும் சிலர்.

ஜனகன் ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றான். சிசிலியா அவனைக் கடந்து போகும்போது சாம்பார் வாளியை அவன் கையில் திணித்தாள். வாளியும் ஜாக்கெட்டும் ஒரே கையில் அடங்கவில்லை. ஜாக்கெட்டைக் கதிரையில் போட்டான்.

கீர்த்தனன் கடைசி ஆளாகப் போய் இருந்தான். சிசிலியா சோற்றோடு வந்து நின்றாள். உடனே போடவில்லை.

"என் கலத்துல நீங்க சாப்பிடலாமா, முசியே?"

"போடுங்கோ."

போட்டாள். நிறையவே போட்டாள். "அந்த நல்லவ பாட்டு எனக்கு வேணாம். நான் அந்த நல்லவளும் இல்ல, தெருமுனைக்காரியும் இல்ல. என் பேரைப் போட்டு மருமகள்னு மட்டும் அடிச்சிருந்தீங்கன்னா போதும்."

"பேர் எனக்குத் தெரியாது," என்றான் கீர்த்தனன்.

"கேட்டிருக்கலாம்ல?"

அவள் அடுத்த மேசைக்குப் போனாள்.

அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வாசல் மேசைக்குப் போனான். தெருமுனைப் பாட்டு மட்டும் இருந்த பிரதிகளில் மிஞ்சியதையாவது எடுத்து வைக்க வேண்டும். பெட்டிகளைத் திறந்து பார்த்தான். ஒன்றுமில்லை. ஊருக்கும் கனடாவுக்கும் அனுப்ப என்று ஆளுக்கு இரண்டு மூன்றாகக் கொண்டுபோயிருந்தார்கள்.

சாப்பிடாமல் போனவர்களும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார்கள்.